நட்டப்படுகிறவர் முன்னால் வரட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரை எனக்குப் பிடிக்காது. அவர் கல்முனையில் ஒபிஸ் போட்ட நாளில் இருந்தே பிடிக்காது. இப்போதும் பெரிதாகப் பிடிப்பதில்லை. ஆனால் யாராவது என் முன்னால் அவரைக் குறைத்து ஒரு சொல் சொன்னால் நான் விடமாட்டேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்து சாப்பிடும்போது, ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர், "அந்த ஒத்தக் கதிரை லோயரா? அவவுக்குத் தொழில் தெரியா" என்றார். நான் சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டேன். "தொழில் தெரியாம இரிந்த நாமதான், சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பிக் கை கழுவப் போனேன். இறைச்சித் துண்டு இரண்டு மிச்சம் இருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பேரை எழுதமாட்டேன். எழுதினால், "என்னக் கேட்டா எழுதின?" என்று அவரே வந்து சண்டைக்கு நிற்பார்.

நானும் சட்டத்தரணிதான், காணி, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசும் கூட. தொண்ணூறுகளில் நீதிமன்றத்துக்குப் போகிற வீதியில் எனக்கு இரண்டு அறை ஒபிஸ், இரண்டு உதவியாளர்கள், தட்டச்சு செய்ய ஒரு ஆள், பஸ் தரிப்பில் நின்று வழக்குக்காரரைப் பிடித்துக்கொண்டு வர ஒரு தரகர். எனக்கு நேர் எதிரே, முன்பு சாரன் விற்ற ஒரு சின்னக் கடையில் அவர் தனியாக வந்து குந்தினார். மருதமுனைக்காரி. வாப்பா கைத்தறி நெய்தவர். ஊரில் நாலு பெரிய லோயர்மார் இருக்கும்போது, ஒருவருக்குக் கீழும் வேலை பழகாமல் ஒரு பெண் தனியாக மேசை போடுவது எங்களுக்குப் பெரிய கொழுப்பாகத் தெரிந்தது. நான் நல்ல மனதோடுதான் போய்ச் சொன்னேன்.

"மிஸ், ஒரு ரெண்டு வருஷம் ஆருக்காவது கீழ இரிந்து பழகிட்டுத் தனியப் போடலாமே."

"எனக்குக் கீழ கதிரை இரிக்கி, மேல கூரை இரிக்கி. நடுவுல ஆரும் வேணாம், சேர்."

இதற்குப் பிறகு யார்தான் விரும்புவார்கள்?

கதிரை என்று சொன்னாரே, அதுவும் ஒரு கதைதான். மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்று, இந்தப் பக்கம் வருகிறவருக்கு ஒன்று. அவ்வளவுதான். கூட வருகிற மச்சான், மாமா, மாமாவின் சிநேகிதர் எல்லாரும் வெளியே கிடக்கிற நீள வாங்கில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் தனியாக லோயரிடம் போவதில்லை, ஒரு ஹயஸ் வேன் நிறையத்தான் போவார்கள். என் ஒபிசில் எட்டுக் கதிரை போட்டும் காணாது. நான் ஒருநாள் நக்கலாகக் கேட்டேன், கதிரை வாங்க வசதியில்லையா, என்னிடம் பழசு இரண்டு கிடக்கிறது, அனுப்பவா என்று.

"ரெண்டு கதிரை போட்டா, கதைக்கத் தெரிஞ்சவன் முன் கதிரையில குந்துவான். நட்டப்படப் போறவன் பின்னுக்குக் குந்துவான். எனக்குப் பின்னுக்குக் குந்துறவன்தான் வேணும்" என்றார்.

அந்த மனுசியின் தொழில் முழுவதும் இதுதான். உறுதி எழுத வந்தாலும், சமாதானக் கடதாசி எழுத வந்தாலும், பேனையைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "இந்தக் கடதாசியால ஆருக்கு நட்டம்?" நட்டமில்லாத கடதாசி உலகத்தில் இல்லை என்பது அவருடைய எண்ணம். ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகத்தானே வேண்டும்? அந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, கடதாசியைச் சொல் சொல்லாக வாசிப்பார். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, "விளங்கின?" என்பார். விளங்கவில்லை என்றால் மறுகா வாசிப்பார். நான் பத்து நிமிடத்தில் முடிக்கிற உறுதி அவருக்கு அரை நாள்.

சம்மாந்துறையில் இருந்து ஒரு வயோதிபரை அவருடைய மூன்று மகன்மார் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று ஏக்கர் வயலை மூத்தவர் பேருக்கு எழுத வேண்டும். இவர் வழமைபோல மகன்மாரை வாங்கில் இருத்திவிட்டு அந்த மனுசனுக்கு வாசித்தார். பாதி வாசிக்கும்போதே அவர், "அப்ப வாற போகம் நான் ஆர்ர வயலுக்குத் தண்ணி கட்டுற?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். மகன்மார் வீதியில் நின்று ஏசிய ஏச்சு என் ஒபிஸ் வரைக்கும் கேட்டது. அடுத்த கிழமை அதே நாலு பேரும் என்னிடம் வந்தார்கள். நான் எட்டுக் கதிரையிலும் ஆட்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "இது காணிக் கடதாசிதான் மூத்தப்பா, இதுல வைங்க" என்று பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தேன். அரை மணித்தியாலம்தான். அந்த மனுசன் அடுத்த போகம் எங்கே இருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

எனக்கு அவர்மேல் முதல் உண்மையான கோபம் வந்தது நீதிமன்றத்துக்குள். ஒரு எல்லை வழக்கு. நான் ஒரு பக்கம், அவர் மறு பக்கம். அன்றைக்கு என் கோப்பை நான் திறந்தே பார்க்கவில்லை. இப்படி நேரத்தில் எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. காதுக்குள் சொன்னால் போதும், மற்றவர் எழும்பி, தவணைக்கு ஆட்சேபனை இல்லை என்பார். நாளைக்கு அவருக்கு நான் சொல்வேன். நானும் குனிந்து, "மிஸ், ஒரு தவணை போடுவம்" என்றேன். அவர் தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, சபை முழுக்கப் பார்த்திருக்க, பின்னால் நின்ற தன் கட்சிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வாப்பா, இவர் இன்னொரு நாளைக்கு வைப்பம் எண்டு கேக்கார். உங்களுக்குச் சம்மதமா?"

அந்த ஆள் நிந்தவூர்ப் பக்கத்து விவசாயி. "ஏலா புள்ள," என்றார் சத்தமாக. "நான் மாட்ட அவுக்காம வந்திரிக்கன். ஒவ்வொரு தவணைக்கும் மாடு பட்டினி கிடக்கா?"

நீதிபதியே சிரித்துவிட்டார். வழக்கை உடனே எடுத்தார். கோப்பைப் பார்க்காத நான் எழும்பி நின்று என்ன கதைத்தேன் என்று எனக்கே தெரியாது. தோற்றேன். வெளியே வந்து, "மரியாதை தெரியாதா?" என்று கேட்டேன்.

"மரியாதையால நட்டம் அவருக்கு. அதான் அவர்ட்டக் கேட்டன்" என்றார், குடையை விரித்துக்கொண்டு.

இப்படி ஒரு ஆளுக்குத் தொழில் எப்படி நடக்கும் என்று நாங்கள் பந்தயம் பிடித்தோம். ஆறு மாதம் என்றேன் நான். வழக்கு வெல்லும் என்று வாயால் சொல்லமாட்டார். இந்த வழக்கு எங்கே எங்கே தோற்கலாம் என்று மூன்று இடம் காட்டுவார். பயந்து ஓடிவந்தவர்களை என் தரகர் வீதியிலேயே மறித்து என்னிடம் கொண்டுவருவார். நான் வெல்லும் என்பேன். அவர் காட்டிய அதே இடத்தில் போய்த் தோற்பேன். மேசை நிறைந்துவிட்டால் கதவில் ஒரு மட்டையைத் தொங்கவிடுவார்: "இந்த மாதம் புது வழக்கு எடுக்கமாட்டேன்." வாற வழக்கை வேண்டாம் என்கிற லோயரை அதற்கு முன் நான் கண்டதில்லை. கட்சிக்காரர் முதல் நாள் சொன்ன கதையை அவருடைய வாய்ச் சொல்லிலேயே எழுதி வைப்பார். "எனது கட்சிக்காரர் மேற்படி வளவினுள் பிரவேசித்த வேளை" என்றெல்லாம் இல்லை. "நான் கடப்பத் திறந்தன், அவன் கத்தியோட நிண்டான்" என்றுதான் இருக்கும். ஆறு வருடம் கழித்து சாட்சிக் கூட்டில் ஆள் தடுமாறும்போது, அவருடைய சொல்லையே எடுத்துக் கொடுத்து நினைவூட்ட அது போதும். நாட்குறிப்பு இரண்டு வைத்திருந்தார், ஒன்று ஒபிசில், ஒன்று வீட்டில். ஹர்த்தால் என்றும் ஊரடங்கு என்றும் எத்தனை நாள் கடைத்தெருப் பக்கம் போகமுடியாமல் கிடந்தோம்! நாங்கள் எல்லாம் எந்த வழக்கு எந்தத் தேதி என்று தெரியாமல் முழிக்க, அவர் மருதமுனையில் இருந்து சந்து ஒழுங்கைக்குள்ளால் சைக்கிளில் வந்து சரியான தேதிக்கு நிற்பார்.

வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. ஜும்ஆ நேரம் எங்கள் வீதியில் ஒரு கடை திறந்திருக்காது. ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில். அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும் அவர் ஒபிஸ் கதவு அகலத் திறந்திருக்கும். இது என்ன பைத்தியம், ஊரே அடைத்துக் கிடக்கும்போது யாருக்காகத் திறக்கிறார் என்று நான் நினைத்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. மருந்து எடுக்க அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவர் வாசலில் பதினைந்து இருபது சோடிச் செருப்பு. எல்லாம் பெண்களுடையவை. சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, மாளிகைக்காடு என்று சுற்றுவட்டாரம் முழுக்க, புருசனும் கூடப்பிறந்த காக்காவும் தொழுகையில் இருக்கிற நேரம் பார்த்துப் பெண்கள் வந்து தங்கள் கடதாசியைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பள்ளியில் இருந்து ஆண்கள் வெளியே வருமுன் வீதி வெறுமையாகிவிடும். எங்களில் ஒருவருக்கும் வருடக்கணக்காக இது தெரியாது.

இனி என் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் உம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். நான் மூத்தவன். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள், அப்போது இருபத்தாறு வயது. வாப்பா மவுத்தாகி ஐந்து வருடம். சாய்ந்தமருதில் உம்மாவின் பேரில் ஒரு கல்வீடு, அதில் உம்மாவும் அவளும் மட்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நானும் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். தங்கச்சிக்கு இரண்டு கலியாணப் பேச்சு வந்து தவறிப்போன பிறகு, ஒரு இன்ஜினியர் மாப்பிள்ளை வந்தார். சீதனக் காசாகக் கைக்கூலி வேண்டாம் என்றார்கள். நான் குளிர்ந்துபோனேன். அதற்குப் பிறகு அவருடைய மாமா மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஊடு நல்லம். ஆனா உறுதிய மாப்புளட பேருக்கே எழுதிடுங்க. மேல்மாடி கட்ட பேங்கில லோன் எடுக்கணும். அவர்ர பேரில இரிந்தாத்தான் லேசு."

நான் அங்கேயே சரி என்றேன். தங்கச்சியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. உம்மாவிடம் சொன்னேன். உம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "நீ படிச்சவன் மகனே, உனக்குத் தெரியும்" என்றா. பிறகு, "ஆனா நான் அந்தப் பொம்புள லோயர்ட்டதான் ஒப்பம் வைப்பன். ஆம்புளையளுக்கு முன்னால எனக்குக் கை நடுங்கும்" என்றா.

சொந்தக் குடும்பத்து உறுதியை நானே முடித்தால் நாலு பேர் கதைப்பார்கள். எப்படியும் வேறு ஒரு நொத்தாரிஸ் தேவை. உறுதியை நானே அழகாகத் தட்டச்சு செய்து, முத்திரையும் ஒட்டி, உம்மாவையும் மாப்பிள்ளையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்தேன். அவருக்கு வேலை ஒப்பம் வைப்பதுதான்.

நின்றபடியே முழுவதையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு நட்டம்?"

"ஒருத்தருக்கும் இல்ல, மிஸ். உம்மா விரும்பிக் குடுக்கா."

"உங்கட தங்கச்சி எங்க?"

"பள்ளிக்கூடத்தில. அவ என்னத்துக்கு? உறுதியில அவட பேரே இல்லையே."

"அதுக்குத்தான் அவ வரணும்."

மாமாவுக்கு மூக்கு சிவந்தது. "பொண்ணு வரணும் எண்டு சட்டத்தில இரிக்கா?"

"இல்ல. ஆனா நான் ஒப்பம் வைக்கத்தான் வேணும் எண்டும் சட்டத்தில இல்ல."

ஆள் அனுப்பித் தங்கச்சியைக் கூப்பிட்டோம். பாதிப் பாடத்தில் எழும்பி வந்தவள், சேலைக் கரையில் சோக்குத் தூளோடு நின்றாள். எங்கள் நாலு பேரையும் வாங்கில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே வாசிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த "விளங்கின?" கேட்டது. மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன். மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். பிறகு கதவு திறந்தது.

"காக்கா," என்றாள் தங்கச்சி. "இந்தக் கடதாசியில உம்மா இரிக்கா. இவர் இரிக்கார். என்னத்தான் எங்கயும் காணல்ல."

நான் எழும்பி, "அது சும்மா பேங்குக்கு..." என்று தொடங்கினேன். அவள் என்னை விட்டுவிட்டு நேரே மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் சரிவரல்லெண்டா, நான் உம்மாவக் கூட்டிட்டு எங்க போற?"

பாவம், அந்தப் பொடியன் கெட்டவன் இல்லை. ஆனால் மறுபடியும் மாமாவைத்தான் பார்த்தார்.

"அப்ப எழுத வேணாம்" என்றாள் தங்கச்சி.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, "குமருப் பொண்ணுக்கு வாய் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையும் பின்னால் போனார். கலியாணம் அந்த வாசலிலேயே முடிந்தது.

உம்மாவையும் தங்கச்சியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் திரும்பி வந்தேன். வீதியில் நின்று கத்தினேன். எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய், உனக்குக் கலியாணம் இல்லை என்று ஊரில் ஒருத்திக்கும் இருக்கக்கூடாதா என்றுகூடக் கேட்டேன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. அவர் வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சா?" என்றார். "நான் ஒண்டு கேக்கன். நீங்க இரிக்கிற ஊடு ஆர்ர பேரில, சேர்?"

"என்ட பொஞ்சாதிட பேரில."

"அதால இத்தன வருஷத்தில உங்களுக்கு என்ன நட்டம் வந்த?"

நான் திரும்பி வீதியைக் கடந்தேன். என் ஒபிசுக்குள் போய்ச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். மூன்று பக்கம். கட்சிக்காரர் அல்லாத ஒருவரைக் கூப்பிட்டு உறுதியை வாசித்துக் காட்டினார், குடும்ப விடயத்தில் தலையிட்டார், தயாராக இருந்த உறுதிக்கு ஒப்பம் வைக்க மறுத்தார் என்று எல்லாம் எழுதினேன். சங்கத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் அனுப்பிய பதிலைப் பிறகு நான் பார்த்தேன். இரண்டு வரி. "முறைப்பாட்டில் கூறப்பட்ட யாவும் உண்மை. அப்படித்தான் செய்தேன், இனியும் செய்வேன்." அதற்கு மேல் விசாரிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நான் விடவில்லை. ஒருவரும் அவருக்கு உறுதி வேலை அனுப்பக்கூடாது என்று மற்ற லோயர்மாரிடம் சொன்னேன். என் தரகர் பஸ் தரிப்பில் நின்று, "அது கலியாணம் முறிக்கிற லோயர்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சுப் பரவியதில் வெள்ளிக்கிழமைச் செருப்பு இரட்டிப்பாகியதுதான் மிச்சம்! ஆனால் எங்கள் வீட்டில் நிலைமை வேறு. வாய் நீளமான குமர் என்ற பேர் ஊர் முழுக்கப் போய்விட்டது. எட்டு மாதமாக ஒரு பேச்சும் வரவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், கொப்பி திருத்தினாள், என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் இவள் கடைசிவரைக்கும் தனியாக இருக்கப் போகிறாள், நான் கண்ணை மூடினால் இவளுக்கு யார் என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தப் பயம் எல்லாவற்றையும் அந்த மனுசி மேல் கோபமாகத்தான் கொட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன். அவர் வாசலில் எல்லாரும் போய்விட்டார்கள், இரண்டு சோடிச் செருப்பு மட்டும். ஒன்று உம்மாவுடையது. வலது காலில் வார் அறுந்து நான் தைப்பித்துக் கொடுத்தது. மற்றது தங்கச்சியுடையது. தங்கச்சி வெளியே வாங்கில் இருந்தாள், என்னைக் கண்டு எழும்பவில்லை. நான் உள்ளே போகக் கதவைத் தள்ளுமுன் அவரே திறந்தார்.

"நல்லது, வந்துட்டீங்க. உங்களுக்கு ஆள் அனுப்பத்தான் இரிந்தன். வாங்க, குந்துங்க."

"நான் என்னத்துக்குக் குந்துற? என்ன நடக்குது இஞ்ச?"

"உங்கட உம்மா அவட ஊட்ட மகளுக்கு எழுதப் போறா. கலியாணத்துக்கு இல்ல, சும்மா. இதால ஆருக்கு நட்டம் எண்டு நான் உம்மாட்டக் கேட்டன். உங்கட பேரச் சொன்னா."

உம்மா மூலையில் சுவரோடு நின்றா. என்னைப் பார்க்கவில்லை. அவர் உம்மாவை மெதுவாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நான் குந்தினேன். அந்தக் கதிரையில் அதற்கு முன் நான் குந்தியதில்லை.

எனக்குத் தெரியாத சட்டத்தையா அவர் வாசிக்கப் போகிறார்? ஆனாலும் வாசித்தார். வளவின் நாலு எல்லையும் வாசித்தார். நான் பிறந்த அறை, வாப்பா மவுத்தான மண்டபம், கிணறு எல்லாம் "மேற்கூறிய ஆதனம்" என்று வந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தினார். பிறகு கடதாசியை வைத்துவிட்டு வாயால் சொன்னார்.

"உம்மா எழுதாம மவுத்தானா, ஷரீஅத்துப்படி இந்த ஊட்டில மூணில ரெண்டு பங்கு உங்களுக்கு. ஒரு பங்குதான் தங்கச்சிக்கு. இப்ப எழுதினா உங்களுக்கு ஒண்டுமே இல்ல. விளங்கின?"

மூன்றில் இரண்டு பங்கு! அது என்னுடையது என்று நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி நின்றது. பொய் சொல்லவில்லை, எழும்பியது. எட்டு மாதத்துக்கு முன் இதே வீட்டை ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு முழுதாக எழுத, முத்திரையும் ஒட்டிக்கொண்டு நானே இதே வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு என் பங்கு போகிறது என்று ஒரு துளியும் தோன்றவில்லை. அந்நியன் எடுத்தால் மரியாதை, தங்கச்சி எடுத்தால் நட்டமா? என்ன மனுசன் நான்! என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் அவர் கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட சம்மதம் இதுக்குத் தேவையில்லையே, மிஸ்" என்றேன்.

"தேவையில்ல. ஆனா நட்டப்படுறவருக்கு வாசிச்சுக் காட்டின உறுதி வழக்காத் திரும்பி வாறல்ல. உங்கட ஒபிசில எத்தன வந்திரிக்கி?"

கணக்கில்லை. அவருக்கும் தெரியும்.

"சாட்சிக்கு ஆரைப் போடுறீங்க?"

"பக்கத்துக் கடைக்காரர் ஒராள். இன்னொராள் பாக்கணும்."

"என்னப் போடுங்க" என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நன்றி, ஒரு சிரிப்பு, ஒன்றும் இல்லை. என் முழுப் பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு எழுதினார். எழும்பிப் போய்க் கதவைத் திறந்து தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள் உள்ளே வந்து நான் எழும்பின கதிரையில் குந்தினாள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன், எல்லாம் சமாதானமாகிவிட்டது என்ற நினைப்பில்.

"சேர், நீங்க வெளிய" என்றார். "இது அவட ஊடு. தனியத்தான் வாசிக்கணும். ஒப்பத்துக்குக் கூப்புடுவன்."

வெளியே வந்தேன். வாங்கில் உம்மா இருந்தா. நான் குந்தவில்லை, வெயிலில் நின்றேன். எதிரே என் தரகர் என் ஒபிஸ் வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே அவர் வாசிக்கத் தொடங்கினார். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, வீடு, கிணறு, தென்னை மரங்கள், எனது மகளுக்கு, அவளுக்கு மட்டுமே. முடித்துவிட்டு வழமைபோலக் கேட்டார்.

"விளங்கின?"

"இல்ல, மிஸ்" என்றாள் தங்கச்சி. "மறுகா ஒருக்கா வாசிங்க."

கணிதம் படிப்பிக்கிறவள். முதல் தடவையே விளங்கியிருக்கும். மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அவரும் ஒரு சொல் விடாமல் மூன்று தடவையும் வாசித்தார். வெயிலில் நின்று நானும் மூன்று தடவையும் கேட்டேன்.